பிரித்துப் பார்த்தவர்கள்



கோவை அவினாசி சாலையில் உப்பிலிபாளையம் தொடங்கி கோல்டுவின்ஸ் வரை, பத்துக் கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளத்திற்கு, ஓர் உயர்மட்ட மேம்பாலம் அமைந்துள்ளது. 2025ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் திறக்கப்பட்ட அப்பாலத்திற்கு ஜி.டி. நாயுடு அவர்களின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. நிக்காஹ் ஒன்றை நடத்தி வைப்பதற்காக அப்பாலத்தின் மீது சென்றபோது, வாகனத்தில் உடன் வந்த சிறுவன் ஒருவன் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு, "ஹஜ்ரத், ஜி.டி. நாயுடுங்கறவரு எம்.எல்.ஏ.வா இருந்தவருங்களா?" என்று கேட்டான். வாகனத்திலிருந்த பெரியவர்கள் சிரித்தனர். ஆனால் அவர்களுள் எவராலும், நான் உட்பட, அச்சிறுவனுக்கு நான்கு வாக்கியங்களுக்கு மேல் சொல்ல இயலவில்லை என்பதே உண்மை.

பாலம் திறக்கப்பட்ட அடுத்த மாதமே, நவம்பர் 8 அன்று, பெங்களூரில் பேராசிரியர் வி. இராஜாராமன் தமது 92ஆம் வயதில் காலமானார். இந்தியாவில் கணினிக் கல்விக்கு அடித்தளமிட்டவர்களுள் முன்வரிசையில் நிற்பவர் அவர். பிறந்த ஊர் ஈரோடு. நாயுடுவோ சூலூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். ஒருவர் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். மற்றவர் அமெரிக்கா வரை சென்று முனைவர் பட்டம் பெற்றவர். இவ்விருவரையும் ஒரே கட்டுரையில் ஏன் எழுத வேண்டும் என்று சிலர் வினவலாம். பார்க்கும் பொருள் எவ்வாறு இயங்குகிறது என்று அறியும் வேட்கை இருவரையும் இறுதி மூச்சு வரை விடவில்லை. தாம் அறிந்ததைப் பிறரும் அறியும்படி திறந்து வைத்தே இருவரும் சென்றனர். அதனால்தான் எழுதுகிறேன்.

ஜி.டி. நாயுடு என்று நாம் அறிந்த கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் பிறந்தார். தாயை மிக இளமையிலேயே இழந்தவர். பள்ளி அவருக்கு ஒத்துவரவில்லை. ஆசிரியர் மீது மணலை வாரி வீசிவிட்டு ஓடுவார் என்று அவருடைய வரலாற்றைச் சொல்வோர் கூறுவர். (இதைப் படிக்கும் மக்தப் பிள்ளைகள் இந்தச் செய்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளாமல் இருப்பார்களாக!) பிற்காலத்தில் அவர் பெற்ற அறிவெல்லாம் தாமே தேடிப் படித்ததாலும், கையால் தொட்டுப் பார்த்ததாலும் வந்தது.

அவருடைய வாழ்வைத் திசை திருப்பிய நிகழ்ச்சி ஒரு மோட்டார் சைக்கிளைச் சுற்றியது. ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த 'ரட்ஜ்' வண்டியை அவர் தம் ஊர்ப்பக்கத்தில் கண்டார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஒரு வண்டி தானே ஓடுவதைப் பார்த்த கிராமத்தவர் பலர் இருந்திருப்பர். பார்த்தவர்கள் வியந்திருப்பர், வீடு சென்று மனைவி மக்களிடம் சொல்லியிருப்பர், மறுநாள் காட்டு வேலைக்குச் சென்றிருப்பர். அந்த இளைஞரால் மட்டும் அவ்வாறு செல்ல இயலவில்லை. கோவைக்கு வந்து உணவு விடுதி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்குப் பின், அதே வண்டியை அந்த அதிகாரியிடமிருந்தே முந்நூறு ரூபாய்க்கு வாங்கினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி.

வாங்கியவர் அதில் ஏறி ஊர்வலம் வரவில்லை. முதல் வேலையாக அதைப் பகுதி பகுதியாகப் பிரித்தார். இந்த இடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். மூன்றாண்டுக் காலம் எச்சில் இலை எடுத்தும் மேசை துடைத்தும் சேர்த்த பணம்! அதைக் கொண்டு வாங்கிய பொருளை ஒரு திருப்புளியை எடுத்துப் பிரித்துப் போடுவதற்கு எத்தகைய நெஞ்சுரம் வேண்டும்? மீண்டும் பூட்டத் தெரியாமற் போனால் என்ன செய்வது என்ற அச்சம் அவருக்கு இருந்திருக்காதா? இருந்திருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பதை அறியாமலே வாழ்வது அவருக்கு அதைவிடப் பெரிய இழப்பாகத் தோன்றியிருக்க வேண்டும். பிரித்தார், பூட்டினார், அதன் வழியே இயந்திரவியலைக் கற்றார்.

1920ஆம் ஆண்டில், கோவையின் தொழில் முன்னோடிகளுள் ஒருவரான ராபர்ட் ஸ்டேன்ஸ் அளித்த கடனுதவியுடன் ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். யு.எம்.எஸ். என்று நம் முன்னோர்கள் அறிந்த நிறுவனம் அவ்வாறுதான் பிறந்தது. சில ஆண்டுகளிலேயே நாட்டின் சிறந்த பேருந்து அணிகளுள் ஒன்றாக அது வளர்ந்தது. ஆயினும் வணிகத்தில் அவர் ஈட்டிய வெற்றியை விரித்துரைப்பது என் நோக்கமன்று. பணம் ஈட்டியவர்கள் கொங்கு நாட்டில் எக்காலத்திலும் உண்டு.

என் உள்ளத்தைத் தொடுவது அவருடைய மோட்டார்தான். கொங்கு மண் வானம் பார்த்த பூமி. ஆறுகள் உண்டு, ஆயினும் பெரும்பாலான தோட்டங்கள் கிணற்றை நம்பியவை. அக்கிணறுகளோ பாறையைக் குடைந்து தோண்டப்பட்ட ஆழக் கிணறுகள். இரண்டு எருதுகளைப் பூட்டி, தோற்சாலில் நீரை முகந்து, சரிவில் இறங்குவதும் பின்னேறுவதுமாக விடியற்காலை முதல் கவலை இறைத்தால்தான் சோளமும் பருத்தியும் பிழைக்கும். 1932ஆம் ஆண்டில் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கோவைக்கு மின்சாரம் வந்தது. மின்சாரம் வந்தால் போதுமா? அதைக் கொண்டு நீரை மேலேற்றும் மோட்டார், கடல் கடந்து இறக்குமதியாக வேண்டியிருந்தது. 1937ஆம் ஆண்டில் பீளமேட்டில் இருந்த நாயுடுவின் 'நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ்' தொழிற்கூடத்திலிருந்து, இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட முதல் மின்மோட்டார் வெளிவந்தது. அதை வடிவமைப்பதில் டி. பாலசுந்தரம் நாயுடு பெரும் பங்காற்றினார். அவரே பின்னர் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கினார்.

வெளிநாட்டு மோட்டார் ஒன்று பழுதானால் அதைத் திறந்து பார்க்கவும் தயங்கிய காலத்தில், 'இதை நாமே செய்யலாம்' என்று ஒரு பட்டறை எண்ணியது. அந்த எண்ணம் பீளமேட்டோடு நிற்கவில்லை. மோட்டார் செய்யக் கற்றவர்கள் பம்பு செய்தார்கள். பம்பு செய்யக் கற்றவர்களிடம் வேலை பயின்றவர்கள் தனியே பட்டறை வைத்தார்கள். வார்ப்படச் சாலைகள் பெருகின. 1955ஆம் ஆண்டில் பி. சபாபதி என்பவர் இதே கோவையில் மாவரைக்கும் வெட் கிரைண்டரை உருவாக்கினார். நம் வீட்டுப் பெண்கள் ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்து கை நோவ அரைத்த காலம் முடிவுக்கு வந்ததில் அந்த மோட்டாரின் பங்கு பெரிது. ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: மோட்டார் வந்ததால் நீர் எளிதாக மேலே வந்தது, எளிதாக வந்ததால் அளவின்றி இறைத்தோம், கிணறுகள் வற்றி, ஆழ்குழாய்கள் எத்தனையோ நூறு அடி கீழே சென்றுவிட்டன. அதற்கு மோட்டாரைச் செய்தவர் பொறுப்பல்லர். வீண்விரயம் செய்த நாமே பொறுப்பு.

நாயுடுவின் ஆர்வம் ஒரு துறையில் அடங்கியதன்று. உலர் மின்கலத்தால் இயங்கும் சிறு மோட்டார் பொருத்திய சவரக்கருவி, மிக மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் ஓடும் விசிறி, முறைகேடு செய்ய இயலாத வாக்குப்பதிவு இயந்திரம் என்று அவர் கை வைத்தவை பல. பருத்தியிலும் பயிர் வளர்ப்பிலும் கூட ஆராய்ச்சிகள் செய்தார். ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை எழுபது ரூபாய்க்குத் தம்மால் செய்து தர இயலும் என்று 1941ஆம் ஆண்டில் அறிவித்தார். 1952ஆம் ஆண்டில் இருவர் அமரும் சிறு காரை இரண்டாயிரம் ரூபாய் விலையில் உருவாக்கிக் காட்டினார்; அரசு உற்பத்தி உரிமம் வழங்காததால் அது சாலைக்கு வராமலே போயிற்று. ஏழை எளியவரும் வாங்கக்கூடிய விலையில் ஒரு கார் இந்நகரில் பிறந்தும், காகிதத்தில் ஒரு கையெழுத்து விழாததால் மடிந்தது என்பதை நினைக்கும்போது இன்றும் நெஞ்சு கனக்கிறது.

அவினாசி சாலையில் 'ஹோப் காலேஜ்' என்ற பேருந்து நிறுத்தம் உண்டு. நாள்தோறும் நடத்துநர் கூவும் அப்பெயரைக் கேட்கிறோம். அங்கே அப்பெயரில் கல்லூரி எதுவும் இன்று இல்லையே என்று எத்தனை பேர் கேட்டிருப்போம்? சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் ஹோப் அவர்களின் பெயரால், நாயுடுவின் பெருங்கொடையுடன் 1945ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தொழில்நுட்பக் கல்லூரி அங்கே இருந்தது. அக்கல்லூரியே பின்னர் தடாகம் சாலைக்குப் பெயர்ந்து அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்று விளங்குகிறது. பெயர் மட்டும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டது.

அக்கல்லூரியின் முதல்வராகவும் பொறுப்பேற்ற நாயுடு நெடுநாள் நீடிக்கவில்லை. நான்காண்டுப் பொறியியல் படிப்பு காலத்தை வீணாக்குவது, அதே பாடங்களை இரண்டே ஆண்டுகளில் கற்பித்துவிடலாம் என்பது அவருடைய உறுதியான கருத்து. அன்றைய அரசு அதை ஏற்கவில்லை, அவர் விலகினார். என் சிற்றறிவுக்கு எட்டியவரை, அவர் சொன்னதில் பாதிதான் சரி. வகுப்பறையில் நாம் வீணாக்கும் காலம் மிகுதி என்பது மெய்யே. ஆனால் கல்விக்குள் ஒரு காத்திருப்பும் உண்டு. மதரஸாவில் ஏழாண்டுகள் ஓதியவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதலாண்டில் மனனம் செய்த ஓர் இலக்கண விதியின் பொருள் ஐந்தாம் ஆண்டில்தான் எனக்கு விளங்கியது. நாயுடுவைப் போன்ற கூர்மதியாளர்கள் தமக்குப் போதுமான காலம் பிறர்க்கும் போதும் என்று எண்ணிவிடுவது உண்டு. 1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் சேர்த்த கருவிகளும் செய்த பொருள்களும் அவினாசி சாலைக் கண்காட்சியில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன.

இங்கே என்னைப் பற்றிய ஒரு செய்தியைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லாமல் பிறருக்கு எழுதுவது நேர்மையாகாது.

நான் இமாமத் பொறுப்பேற்ற தொடக்கக் காலம். எங்கள் பள்ளிவாசலில் மிஹ்ராபுக்குப் பக்கத்துச் சுவரில் பழைய பெண்டுலம் கடிகாரம் ஒன்று இருந்தது. யாரோ ஒரு பெரியவர் எப்போதோ வக்ஃபு செய்தது. அஸருக்குப் பின் மக்தப் வகுப்பு நடக்கும். ஒரு நாள் நான் ஒளூச் செய்துவிட்டு உள்ளே நுழைகையில், பத்து வயதுச் சிறுவன் ஒருவன் ரிஹாலை அடுக்கி அதன் மேல் ஏறி நின்று, கடிகாரத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்து, பெண்டுலத்தின் கீழே இருந்த சிறு நட்டைத் திருகிக்கொண்டிருந்தான். குர்ஆன் வைக்கும் ரிஹாலின் மீது கால் வைத்திருக்கிறானே என்ற பதற்றம் எனக்கு. இழுத்து இறக்கிக் காதைத் திருகினேன். அழுகைக்கு நடுவே அவன் கேட்டான்: "ஹஜ்ரத், இந்தக் குண்டக் கொஞ்சம் கீழ எறக்குனா கடிகாரம் மெதுவா ஓடுமுங்களா?"

"ஓதுற நேரத்துல உனக்கு இது எதுக்கு?" என்றேன். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். ரிஹாலில் கால் வைத்ததற்கு அவனைத் திருத்தியது என் கடமை. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவன் கேட்ட கேள்விக்கு விடை எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை; ஆகவே அதட்டினேன். பல ஆண்டுகளுக்குப் பின்னரே, பெண்டுலத்தின் நீளம் கூடினால் அதன் ஆட்டம் மெதுவாகும், கடிகாரத்தை முந்த வைக்கவும் பிந்த வைக்கவும்தான் அந்த நட்டே அமைக்கப்பட்டிருக்கிறது என்று அறிந்தேன். பத்து வயதில் அவன் சரியாகவே யூகித்திருந்தான். அதன் பிறகு அவன் மூன்றாண்டுகள் என்னிடம் ஓதினான். நல்ல பிள்ளை, ஒழுங்காக வருவான். ஒரு கேள்வி கூடக் கேட்டதில்லை.

நம் வீடுகளில் இது நடக்காத நாள் உண்டா? "சும்மா இரு", "கையை வைக்காதே", "வேற வேலை இல்லையா உனக்கு" என்று நாம் சொல்லும் சொற்களைக் கணக்கிட்டுப் பார்த்தால் நமக்கே அச்சமாக இருக்கும். உக்கடத்துப் பட்டறைகளில் எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் நம் இளைஞர்களைப் பற்றிப் பெண் வீட்டார் விசாரிக்கும்போது, "படிக்கலைங்க, மெக்கானிக்கா இருக்காப்ல" என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறோம். மேம்பாலத்திற்குப் பெயர் தந்தவரின் படிப்பு என்ன என்பதை அப்போது எண்ணிப் பார்ப்பதில்லை.

கணினிக்கு வருவோம். கணினியின் உயிர்நாடி 'அல்காரிதம்' என்பர். ஒரு கணக்கை எந்தப் படியில் தொடங்கி, எந்த நிலையில் எதைச் செய்து, எங்கே முடிப்பது என்ற ஒழுங்குமுறையே அது. இச்சொல் ஒரு மனிதரின் பெயர் என்பதை நம் பிள்ளைகளுள் பலர் அறியார். கலீஃபா மஃமூனின் ஆட்சிக் காலத்தில், அதாவது கி.பி. 813 முதல் 833 வரையிலான ஆண்டுகளில், பக்தாதின் பைத்துல் ஹிக்மாவில் பணியாற்றிய முஹம்மது இப்னு மூஸா அல் குவாரிஸ்மியே அவர். இந்திய எண்முறையை விளக்கி அவர் எழுதிய நூல் 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனுக்குச் சென்றபோது, அவர் பெயர் 'அல்கோரித்மி' என்று திரிந்தது. பூச்சியத்தோடு கூடிய பத்து எண்குறிகள் இம்மண்ணிலிருந்து பக்தாதுக்குச் சென்றன. அங்கிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றன. வந்த இடத்தை அவர் மறைக்கவில்லை. இந்தியர்களின் கணக்கு என்றே குறிப்பிட்டார்.

அவருடைய மற்றொரு நூலின் பெயரிலுள்ள 'அல் ஜப்ர்' என்ற சொல்லே இன்று அல்ஜீப்ரா. அது ஏட்டுக் கணக்குக்காக மட்டும் எழுதப்பட்ட நூலன்று. வணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல், வாரிசுரிமைப் பங்கீடு ஆகியவற்றில் மக்களுக்கு நேரும் சிக்கல்களைத் தீர்ப்பதே அதன் நோக்கம். நூலின் கணிசமான பகுதி சொத்துப் பங்கீட்டுக் கணக்குகளுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

மதரஸாவில் ஸிராஜி கிதாபு ஓதிய ஆலிம்கள் இதை எளிதில் உணர்வர். ஒரு பெண் மரணித்துவிடுகிறாள். கணவனும் உடன்பிறந்த சகோதரிகள் இருவரும் வாரிசுகள். கணவனுக்குப் பாதி, சகோதரிகள் இருவருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. பொது எண் ஆறு என்று கொண்டால், கணவனுக்கு மூன்று, சகோதரிகளுக்கு நான்கு, கூட்டினால் ஏழு. ஆறு பங்கில் ஏழைக் கொடுப்பது எங்ஙனம்? அப்போது 'அவ்ல்' என்ற விதிப்படி பங்கு எண்ணையே ஏழாக உயர்த்துகிறோம், எல்லோருக்கும் அவரவர் விகிதத்தில் குறைகிறது, ஒருவருக்கும் அநீதியில்லை. கூட்டுத்தொகை மிகுகிறதா என்று சோதி. மிகுந்தால் இவ்வாறு செய். குறைந்தால் வேறு விதமாகச் செய். எங்கள் உஸ்தாது கரும்பலகையில் எழுதிய இந்தப் படிகளுக்கும், கணினியில் எழுதப்படும் நிரலுக்கும் அமைப்பில் வேறுபாடில்லை என்பதைக் கணினிப் பொறியியல் படித்த ஒரு முஸல்லி எனக்கு விளக்கியபோது நான் அடைந்த வியப்பு கொஞ்சமன்று.

அறிந்ததைத் திறந்து வைப்பது என்பதற்கு இன்னொரு பெயரையும் சொல்லிச் செல்கிறேன்: 1206ஆம் ஆண்டில் தம் நூலை நிறைவு செய்த அல் ஜஸரி. நீரால் இயங்கும் கடிகாரங்கள், தானியங்கிப் பொம்மைகள் ஆகியவற்றைச் செய்த அவர், ஒவ்வோர் உறுப்பின் அளவையும் பொருத்தும் முறையையும் எழுதி வைத்தார். அதனால்தான் ஏறத்தாழ 770 ஆண்டுகளுக்குப் பின், 1976ஆம் ஆண்டில், இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் அவருடைய நீர்க்கடிகாரம் ஒன்றை மீண்டும் செய்து ஓட வைக்க முடிந்தது.

இனி ஈரோட்டுக்காரருக்கு வருகிறேன். வைத்தீசுவரன் இராஜாராமன் 1933ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் பிறந்தார். பிறந்த ஊர் ஈரோடு என்பதற்கு மேல் நாம் பெரிதாக உரிமை கொண்டாட இயலாது. பள்ளிக்கல்வியும் பட்டப்படிப்பும் டெல்லியில் முடிந்தன. அதன்பின் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். இந்தியாவில் கணினி என்ற சொல்லையே பலர் கேள்வியுறாத 1950களின் நடுவில், அங்கே உருவான அனலாக் கணினிக்குரிய சில உறுப்புகளைத் தம் கைகளாலேயே அமைத்தார். கலங்கல் இளைஞர் மோட்டார் சைக்கிளில் கற்றதை இவர் மின்சுற்றுகளில் கற்றார் எனலாம். அரசின் உதவித்தொகையுடன் அமெரிக்கா சென்று எம்.ஐ.டி.யில் முதுகலையும், 1961ஆம் ஆண்டில் விஸ்கான்சினில் முனைவர் பட்டமும் பெற்றார். அங்கேயே பேராசிரியராக இருந்திருக்கலாம். பணி கையில் இருந்தது. ஆயினும் தாயகம் திரும்பி கான்பூர் ஐ.ஐ.டி.யில் சேர்ந்தார்.

1963ஆம் ஆண்டில் கான்பூருக்கு ஐ.பி.எம். 1620 என்ற கணினி வந்தது. அதன் இயல்பு ஒன்றைக் கேட்டால் சிரிப்பு வரும்: அதற்குக் கூட்டத் தெரியாது! கூட்டல் வாய்ப்பாட்டை அதன் நினைவகத்தில் முன்னரே ஏற்றி வைக்க வேண்டும். ஏழும் எட்டும் எத்தனை என்றால் அந்த வாய்ப்பாட்டைப் பார்த்துப் பதினைந்து என்று சொல்லும். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதன் அடிப்படை நினைவகத்தில் அடங்கியவை இருபதாயிரம் இலக்கங்கள். இன்று உங்கள் சட்டைப் பையிலுள்ள கைபேசியில் வரும் ஒரு நிழற்படம் அதைப்போல் பல மடங்கு இடம் பிடிக்கும்.

துளையிட்ட அட்டைகளில் ஒவ்வொரு கட்டளையாகப் பதிந்து இயந்திரத்துக்கு ஊட்ட வேண்டும். ஓர் எழுத்துப் பிசகினால் விடை வராது. மீண்டும் அட்டை அடிக்க வேண்டும். இந்த இயந்திரத்தை வைத்துக்கொண்டு இராஜாராமனும் அவருடைய தோழர்களும் செய்த பணி வியப்புக்குரியது. தம் மாணவர்களோடு நிற்காமல், நாட்டின் பல பகுதிகளிலிருந்து ஆசிரியர்களையும் விஞ்ஞானிகளையும் வரவழைத்துக் குறுகிய காலப் பயிற்சிகளை நடத்தினர். 1965ஆம் ஆண்டில் கணினி அறிவியலை முதுநிலைப் பாடமாக அங்கே தொடங்கினர். இந்தியாவில் அதுவே முதல். பின்னர் இன்ஃபோசிஸ் நிறுவனத்தைத் தொடங்கிய நாராயண மூர்த்தி, அவரிடம் பயின்ற மாணவர்களுள் ஒருவர்.

பயிற்சிக்கு வந்தவர்களுக்குப் படிக்க நூல் இல்லை. வெளிநாட்டு நூல்களின் விலையோ எட்டாத உயரம். தம் வகுப்புக் குறிப்புகளையே நூலாக்கினார் இராஜாராமன். 1969ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நிரலாக்க நூலின் விலை பதினைந்து ரூபாய். விலையை அவர் எண்ணிப் பார்த்து வைத்தார். கணினியையே கண்ணால் காணாத மாணவனும் வாங்க வேண்டும், படித்தால் புரிய வேண்டும் என்பது அவர் எண்ணம். அதன் பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் நூல் மேல் நூலாக எழுதினார். பழைய நூல்களைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார். எழுபது ரூபாய்க்கு வானொலி, இரண்டாயிரம் ரூபாய்க்குக் கார் என்ற கோவைக்காரரின் கணக்கும், பதினைந்து ரூபாய்க்குக் கணினிப் பாடம் என்ற ஈரோட்டுக்காரரின் கணக்கும் ஒரே மனத்திலிருந்து வந்தவை போலத் தோன்றுகின்றன.

எம்.சி.ஏ. என்ற பட்டப்படிப்பை நம் மஹல்லாக்களில் அறியாதவர் இல்லை. பொறியியல் கல்லூரிக்குக் கட்டணம் செலுத்த வழியின்றி பி.எஸ்ஸி. படித்த பிள்ளைகள் பலருக்கு, கணினித் துறைக்குள் நுழைய அது பின்வாசலாக இல்லாமல் தலைவாசலாகவே இருந்தது. அப்படிப்பைப் பரிந்துரைத்த குழுவுக்கு 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் தலைமை ஏற்றவர் இராஜாராமன். மூன்றாண்டாக இருந்த அப்படிப்பு 2020ஆம் ஆண்டில் இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டது, ஜி.டி. நாயுடு இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்! 1982ஆம் ஆண்டில் இராஜாராமன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திற்குத் திரும்பி, மீக்கணினிக் கல்வி ஆராய்ச்சி மையத்தை வழிநடத்தினார். பட்நாகர் விருதும் 1998ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருதும் அவரை அடைந்தன.

விருதுகளைவிட அவருடைய முதுமைக் காலத்தையே நான் பெரிதாகக் கருதுகிறேன். ஓய்வு பெற்ற பின் இந்தியாவில் கணினி வளர்ந்த வரலாற்றை, தாம் கண்டவற்றோடு சேர்த்து எழுதினார். மாணவர்களுக்காக இந்திய அறிவியல் அகாதமி நடத்தும் 'ரெசனன்ஸ்' இதழில் தொடர்ந்து கட்டுரைகள் எழுதினார். 2023ஆம் ஆண்டில், உரையாடும் செயற்கை நுண்ணறிவான சாட்ஜிபிடி உலகையே பேச வைத்தபோது, 89 வயதில் இருந்த அப்பெரியவர் அதைப் பற்றி அதே இதழில் எழுதினார். 1960களில் எலைசா என்ற நிரல் மனிதரோடு உரையாடத் தொடங்கியது முதல் சாட்ஜிபிடி வரை வந்த வழியை மாணவர்க்கு விளங்கும்படி அதில் சொன்னார். துளை அட்டையில் தொடங்கியவர், "இது எப்படி இயங்குகிறது?" என்று அந்த வயதிலும் பிரித்துப் பார்க்க அமர்ந்திருக்கிறார்.

நான் காதைத் திருகிய சிறுவன் இப்போது உக்கடம் பகுதியில் கைபேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். வெள்ளிக்கிழமைகளில் இரண்டாம் ஸஃப்பில் நிற்பான். ஸலாம் சொல்லிவிட்டுப் போய்விடுவான். பள்ளிவாசலில் இப்போது மின்னணுப் பலகையில்தான் நேரம் பார்க்கிறோம். பெண்டுலம் கடிகாரம் அறையின் பரணில் கிடக்கிறது. அதை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். வரும் ஜுமுஆ முடிந்ததும் அவனை அழைத்து, அன்று அவன் கேட்டதற்கான விடையைச் சொல்லிவிட்டு, மூடியை அவனையே திறக்கச் சொல்வதாக இருக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.